டிசம்பரில் வீசிய கோடைக் காற்று

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகருக்குத் தென்கிழக்கே உள்ள லூயிஸ்வில் என்ற சிற்றூரில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். 2021 டிசம்பர் 30, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குச் சற்றுப் பின்னர் ஊருக்கு மேற்கே மார்ஷல் என்ற இடத்தில் புல்வெளியில் பற்றிய தீ, மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்ட காற்றோடு கிளம்பி வந்து, இரவுக்குள் சுப்பீரியர், லூயிஸ்வில் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியும் 1,084 வீடுகளை அழித்தது. இருவர் உயிரிழந்தனர். 35,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினோம். மறுநாள் பிற்பகலில் பனி கொட்டத் தொடங்கியது. புத்தாண்டு விடிந்தபோது எரிந்த வீடுகளின் மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பனி கிடந்தது. அந்தப் பனிக்கு அடியில் சில இடங்களில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

டென்வர் பக்கம் வேலை மாற்றலாகி வரும் நம் ஊர்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பனியைப் பற்றித்தான். எந்தக் காலணி வாங்குவது, எந்த டயர் போடுவது, வாசலில் உப்புத் தூவ வேண்டுமா என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2021 மார்ச் மாதப் பனிப்புயலில் டென்வரில் 27 அங்குலம் பெய்தபோது, இரண்டு நாள் முதுகொடியப் பனியை அள்ளிப்போட்டுச் சமாளித்துவிட்டதால், இந்த மலையடிவாரத்தில் இனிக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்ற நினைப்பும் வந்துவிட்டது. காற்றை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை காற்று அடிப்பது வாடிக்கை. குப்பைத் தொட்டி உருண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனால் மாலையில் போய் எடுத்து வருவோம், அவ்வளவே.

இத்தனைக்கும் அந்தக் காற்று எனக்குப் புதிதல்ல. நான் போடிநாயக்கனூரில் பிறந்தவன். ஆனியிலும் ஆடியிலும் மலைக்கு அப்பால் கேரளத்தில் மழை கொட்டித் தீர்க்கும்போது, ஈரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வெறும் காற்றாக இந்தப் பக்கம் இறங்கி வந்து கண்ணில் மண்ணை வாரிப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். கொலராடோவிலும் நடப்பது அதுதான். அளவு மட்டுமே பெரியது. பசிபிக் கடலிலிருந்து வரும் காற்று ராக்கி மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. 4,000 மீட்டரைத் தொடும் முகட்டைத் தாண்டி 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊர்களை நோக்கி இறங்கும்போது அழுத்தப்பட்டு, ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடேறுகிறது. இவ்வூரார் அதை ஷினூக் என்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்த பழந்தமிழில், மேற்கிலிருந்து வெப்பமாக வரும் காற்றுக்குக் கோடை என்று பெயர். டிசம்பர் மாதத்தில், சுற்றிலும் பனிச் சிகரங்கள் தெரிய, அந்தக் கோடைதான் எங்கள் மேல் வீசிக்கொண்டிருந்தது.

வழக்கமான ஷினூக்குக்கும் அன்றைய சூறைக்கும் உள்ள வேறுபாட்டை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மலை முகட்டுக்குச் சற்று மேலே எளிதில் கலையாத ஒரு காற்றடுக்கு மூடிபோலப் படிந்துவிட்டால், அந்த மூடிக்கும் முகட்டுக்கும் நடுவே நெருக்குண்ட காற்று, ஓடையில் பாறையின் மேல் ஏறி வழியும் தண்ணீரைப்போலக் கிழக்குச் சரிவில் வேகமெடுத்துப் பாய்கிறது. பாறைக்குச் சற்றுக் கீழே தண்ணீர் ஓரிடத்தில் நுரைத்துத் துள்ளுமே, அதுபோலக் காற்றும் ஓரிடத்தில் மேலே துள்ளிவிடுகிறது. துள்ளும் இடத்துக்கு மேற்கே சூறை. கிழக்கே கிட்டத்தட்ட அமைதி. அன்று அந்த எல்லை எங்கள் ஊர்களின் பக்கமாகவே விழுந்திருந்தது. கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் தார்ன்டனில் வசிக்கும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "காத்தா? இங்க இலைகூட அசையலையே" என்றார். ஆகவே அண்டை ஊர் நிலவரத்தைக் கேட்டு முடிவெடுப்பது இந்த வட்டாரத்தில் பயன்படாது. மேற்கே மலைமுகட்டின் மேல் மதில் சுவரைப்போல மேகம் அசையாமல் நிற்பதும், அதற்குக் கிழக்கே வானம் திறந்திருப்பதும், வில்லையைப்போன்ற வழவழப்பான மேகங்கள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்குவதும் காற்று இறங்கப்போவதற்கான அறிகுறிகள். இப்போது நான் காலையில் காபிக் கோப்பையோடு முதலில் பார்ப்பது அந்த மதிலைத்தான்.

எதிர்வீட்டு முதியவர் ஐம்பது வருடமாக இந்த வட்டாரத்தில் இருப்பவர். 1982 ஜனவரி 17 அன்று போல்டரில் மணிக்கு 137 மைல் வேகத்தில், அதாவது 220 கிலோமீட்டர் வேகத்தில், காற்று அடித்த கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய கவலையெல்லாம் கூரையைப் பற்றியதாகவே இருந்தது. ஆண்டுதோறும் ஆள் வைத்துக் கூரை ஓடுகளின் ஆணிகளைச் சரிபார்ப்பார். காற்றோடு தீயும் சேர்ந்து தெருவுக்குள் வரும் என்று அவரும் நினைத்ததில்லை. காட்டுத்தீ மேலே மலைக்காட்டில் வரும், புறநகர்த் தெருக்களில் வராது என்பது எல்லோருடைய எண்ணமும். மார்ஷல் தீ தன் பாதையில் காடு என்று சொல்லத்தக்க எதையும் தொடவில்லை. அது ஓடியது புல்லின் மேல். பிறகு வேலியின் மேல். பிறகு வீட்டுக்கு வீடு.

அந்தப் புல்லுக்கும் ஒரு முன்கதை உண்டு. 2021 வசந்தத்தில் நல்ல மழை பெய்ததால் ஊர்களைச் சுற்றியுள்ள வெளிகளில் புல் இடுப்பளவு வளர்ந்தது. நடைப்பயிற்சிக்குப் போகும் நாங்கள் அதை ரசித்துப் படம் எடுத்தோம். ஜூலைக்குப் பிறகு மழை நின்றது. டென்வரில் அந்தப் பருவத்தின் முதல் பனி டிசம்பர் 10 அன்றுதான் பெய்தது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் முதல் பனி அவ்வளவு தாமதமானதில்லை. பனியால் அழுந்திக் கிடக்க வேண்டிய புல், டிசம்பர் கடைசியில் காய்ந்த வைக்கோலாக நிமிர்ந்து நின்றது. அதற்கு முந்தைய நாள்களில் வந்த வானிலை அறிவிப்பில் பலத்த காற்று எச்சரிக்கை மட்டுமே இருந்தது. தீ அபாயத்துக்கான செங்கொடி எச்சரிக்கை விடக் காற்றின் ஈரப்பதம் 15 சதவீதம் அல்லது அதற்குக் கீழே போக வேண்டும் என்ற அளவுகோல் உண்டு. அன்று அது அந்த அளவுக்குக் கீழே போகவில்லை. ஆகவே செங்கொடி ஏறவில்லை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்பவன் ஈரப்பத அளவைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான், நான் நின்றேன். பல வாரங்கள் மழையோ பனியோ இல்லாத காலத்தில் பலத்த காற்று எச்சரிக்கை வந்தால், அதைத் தீ எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வந்த முதல் விதி.

அன்று காலை வீட்டில் நானும் மனைவியும் பத்து வயது மகளும், நவம்பர் கடைசியில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் இருந்தோம். வீடு முனகிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை. "இந்தக் காத்துல அடுப்பு எதுக்குப்பா, நேத்துச் சோறு இருக்கு, மோர் ஊத்திச் சாப்பிட்டுக்கலாம்" என்றார். எரிவாயு அடுப்புக்கும் கூரை வேய்ந்த வீட்டுக் கொள்ளியடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி நான் சிரித்தது நினைவிருக்கிறது. நண்பகலை ஒட்டி மேற்கே வானம் பழுப்பாகி, பிறகு கறுத்தது. புகை மேலே எழும்பவே இல்லை. காற்று அதைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. எனவே தூரத்திலிருந்து அது தீ என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. புழுதி என்றே மனைவி நினைத்தார்.

கைப்பேசியில் எந்த எச்சரிக்கையும் எங்களுக்கு வரவில்லை. அப்போதிருந்த ஏற்பாட்டில், தாமாக முன்வந்து எண்ணைப் பதிவு செய்தவர்களுக்கே வெளியேறும் உத்தரவு போய்ச் சேரும்; நாங்கள் பதிவு செய்திருக்கவில்லை. எங்களை வெளியேற்றியது எதிர்வீட்டு முதியவர் கதவைத் தட்டிய சத்தம். "இப்போதே கிளம்புங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார். அப்போதுதான் தெருவைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளக் கங்குகள், பட்டைத் துண்டுகளைப்போல, தெருவோர வாய்க்காலில் சிவந்து சிவந்து உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வீட்டு வாசலில் இருந்த ஜூனிப்பர் புதருக்குள் போய்ப் புகுந்தது. மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தேன். புகுந்தது என் கண்ணில் பட்டதால் அணைந்தது. கண்ணில் படாமல் போனவை எத்தனையோ.

மின்சாரம் அதற்குள் போய்விட்டிருந்தது. கராஜ் கதவு மின்விசையால் திறப்பது. பொத்தானை எத்தனை முறை அமுக்கியும் அசையவில்லை. இயந்திரத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டால் கதவைக் கையால் தூக்கலாம் என்பதை நான் வீடு வாங்கிய நாளில் கேட்டதோடு சரி. கயிற்றை இழுத்து, எதிரே தள்ளும் காற்றை மீறி நானும் மனைவியும் கதவைத் தூக்கிப் பிடிக்க, மகள் நாற்காலி ஒன்றை அடியில் கொடுத்தாள். அதில் மட்டும் ஏழெட்டு நிமிடம் போயிற்று. தனியாக இருக்கும் வயதானவரால் அதைச் செய்ய முடியுமா என்று இன்றும் நினைப்பேன். காற்று எச்சரிக்கை உள்ள நாள்களில் காரைக் கராஜுக்கு வெளியே, முகப்பு தெருவைப் பார்த்திருக்கும்படி, பாதித் தொட்டிக்குக் குறையாத பெட்ரோலோடு நிறுத்திவைப்பது அன்று பிறந்த வழக்கம்.

சவுத் போல்டர் சாலையில் கார்கள் அட்டைபோல நகர்ந்தன. பதினைந்து நிமிட வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து, பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் உட்பட, நோயாளிகள் எல்லோரையும் அதே பிற்பகலில் வேறிடங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். மேற்கே தீ, ஆறு தடங்கள் கொண்ட 36 ஆம் எண் நெடுஞ்சாலையைத் தாண்டிவிட்டிருந்தது. அகலமான சாலை தீயைத் தடுக்கும் என்பது காற்றில்லாத நாளுக்கு உரிய கணக்கு.

தார்ன்டன் நண்பர் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் எதையெதை எடுத்தோம் என்று பார்த்தோம். மனைவி கடவுச்சீட்டுகளையும் அம்மாவின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் எடுத்திருந்தார். அந்த நிதானத்துக்கு நான் இன்றும் கடன்பட்டவன். மகள் தன் பள்ளிப் பையை எடுத்திருந்தாள். நான் மடிக்கணினியையும், ஏன் என்று தெரியாமல், கார்ப் பனியைச் சுரண்டும் கட்டையையும் எடுத்திருந்தேன். அம்மா சேலையும் மெல்லிய ஸ்வெட்டரும், காலுறைக்கு மேல் செருப்புமாக வந்திருந்தார். வெளியே அப்போது குளிரே இல்லாததால் கோட்டை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த நாள் மாலை பனி கொட்டி, அதற்கடுத்த இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்கு வெகுவாகக் கீழே போனபோது, எழுபது வயதுப் பெண்மணிக்கு நண்பரின் மனைவியினுடைய கோட்டைத் தோளில் போட்டுத்தான் ஒப்பேற்றினோம். ஷினூக் தரும் வெதுவெதுப்பை நம்பவே கூடாது. அது நின்றதும் வடக்கிலிருந்து குளிர் இறங்குவது இங்கே அடிக்கடி நடப்பது. தீக்காக வீட்டை விட்டு ஓடும்போது எடுக்கும் பையில் கனத்த கோட்டு, கையுறை, பனிக் காலணி மூன்றும் ஆளுக்கொரு செட் இருக்க வேண்டும்.

பனி வந்ததும் தீ தீர்ந்துவிட்டது என்று ஊரே மூச்சுவிட்டது. மார்ஷல் தீயைப் பொறுத்தவரை அது உண்மைதான், ஆனால் எல்லாத் தீக்கும் பொருந்தாது. இதே மாநிலத்தில் 2020 ஆகஸ்டில் தொடங்கிய கேமரன் பீக் தீயின் மேல் செப்டம்பர் 8 அன்று நல்ல பனி பெய்தது. அதற்குப் பிறகும் அது கனன்று கிடந்து, காற்றோடு மீண்டும் எழும்பி, 2,00,000 ஏக்கரைத் தாண்டிய மாநிலத்தின் முதல் தீயாயிற்று. எங்களுக்கோ பனி வேறொரு தொல்லையைக் கொண்டு வந்தது. தீயின்போது எரிவாயு இணைப்புகளை நிறுத்தியிருந்தார்கள். நின்றுபோன இணைப்பை மறுபடி திறப்பதற்கு ஊழியர்கள் வீடு வீடாக வந்து சோதித்துப் பற்றவைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அதைச் செய்ய நாள் கணக்கில் ஆயிற்று. நின்று தப்பிய வீடுகள் எல்லாம் வெப்பமின்றி உறையத் தொடங்கின. உதவி மையங்களில் மின்சார ஹீட்டர்களை வாங்க வரிசை நின்றது.

ஜனவரி 2 அன்று எங்கள் வீட்டைப் போய்ப் பார்க்க முடிந்தது. வீடு நின்றது. எதிர்வீடு இல்லை. முதியவரின் ஆணியடித்துக் காத்த கூரை இருந்த இடத்தில், செங்கல் புகைபோக்கி மட்டும் தலையில் பனித் தொப்பியோடு நின்றது. அதன் அடியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் வெள்ளைத் தகரம் சுருண்டு கிடந்தது. நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டதால் சொந்த வீட்டுக்குள் போகத் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தால் கெட்டது ஒன்றுமில்லை. கெட வேண்டியது முன்பே கெட்டிருந்தது. சமையலறைத் தொட்டிக்குப் பின்னால் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் செப்புக் குழாய் உறைந்து வெடித்திருந்தது. உறைந்திருக்கும் வரை ஒழுகாது. வெப்பம் திரும்பியதும்தான் பீய்ச்சியடிக்கும். அந்த நுணுக்கம் தெரியாமல் ஹீட்டரை வைத்துவிட்டுப் போய், மறுநாள் அடித்தளத்து அறையில் கணுக்கால் அளவுத் தண்ணீரைக் கண்டேன்.

ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் வெப்பம் இல்லாமல் வீட்டை விட்டுப் போக நேர்ந்தால், தெருவிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள முதன்மை வால்வை மூட வேண்டும்; பிறகு மேல்தளக் குழாய் ஒன்றையும் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள குழாய் ஒன்றையும் திறந்துவிட்டால் உள்ளிருக்கும் நீர் தானே வடியும். கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்து, வடிகால் வளைவுகளில் வண்டிவீடுகளுக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். நேரமே இல்லாமல் ஓடுகிறவர்கள் வால்வை மட்டுமாவது மூடிவிட்டுப் போனால் பாதிச் சேதம் குறையும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. எங்கள் வீட்டில் இப்போது மகளுக்கும் தெரியும். அதில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம்.

நின்ற வீடு நல்ல வீடு என்றும் நினைத்துவிடக் கூடாது. சன்னல் இடுக்குகளில் கோலமாவுபோலச் சாம்பல் படிந்திருந்தது. எரிந்தவை மரங்கள் மட்டுமல்ல. மெத்தை, பெயின்ட், கார், தொலைக்காட்சி எல்லாம் எரிந்த சாம்பல் அது. கடுமையான இரசாயன நெடி வாரக்கணக்கில் போகவில்லை. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்போது சில வீடுகளின் உட்காற்றை அளந்தார்கள். பெட்டி விசிறியின் பின்னால் கரி வடிகட்டியைக் கட்டிய எளிய சாதனம் ஓடும்வரை நெடிக்குக் காரணமான ஆவிகள் குறைவதையும், நிறுத்தினால் சுவரும் துணியும் உறிஞ்சி வைத்திருந்தவை திரும்ப வெளிவருவதையும் கண்டார்கள். நாங்களும் அப்படி ஒன்றைச் செய்து இரவும் பகலும் ஓடவிட்டோம். சாதாரண வேக்குவம் கிளீனரால் சாம்பலை உறிஞ்சினால் அது மறுபக்கம் காற்றில் கலக்கும். நுண்துகள் வடிகட்டி உள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டும், அல்லது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குழாய்நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கும்படி சில நாள்கள் அறிவிப்பு இருந்தது; தீயணைப்பில் அழுத்தம் குறையாமலிருக்கச் சுத்திகரிக்காத நீரை ஊர்க்குழாயில் விட்டிருந்தார்கள். அன்று அதைச் செய்யாதிருந்தால் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகள் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

காப்பீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். புகைச் சேதத்துக்கு எங்கள் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் சன்னலைத் தடவிப் பார்த்துவிட்டு "துடைத்தால் போய்விடும்" என்றார். வெளி ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்த அறிக்கையைக் காட்டிய பிறகே பேச்சு மாறியது. எதிர்வீட்டு முதியவரின் நிலை வேறு. அவருடைய காப்பீட்டுத் தொகை பல ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுமானச் செலவைக் கொண்டு போட்டது. திரும்பக் கட்ட அதைவிட வெகு அதிகம் தேவைப்பட்டது. அதோடு, எரிந்துபோன ஒவ்வொரு பொருளையும் பட்டியலிடச் சொன்னார்கள். எங்கள் உணவு மேசையில் உட்கார்ந்து, கண்களை மூடி, இல்லாத சமையலறையின் இழுப்பறையை மனதில் திறந்து, "கரண்டி ஆறு, ரொட்டி வெட்டும் கத்தி ஒன்று" என்று அவர் எழுதிய காட்சியைப் பார்த்த அன்றிரவே நான் கைப்பேசியில் எங்கள் வீட்டை அறை அறையாக, அலமாரிக் கதவுகளைத் திறந்து, வீடியோ எடுத்து வீட்டுக்கு வெளியே சேமித்தேன். இருபது நிமிட வேலை. ஆண்டுக்கொரு முறை மறுபடி எடுக்கிறேன்.

தீ எப்படித் தொடங்கியது என்ற விசாரணை அறிக்கை 2023 ஜூனில் வெளியானது. இரண்டு தீக்கள் தனித்தனியாக மூண்டிருந்தன. ஒன்றுக்கு, பிடியிலிருந்து கழன்று காற்றில் ஆடிய மின்கம்பி காரணமாக இருந்திருக்கக் கூடும் என்றது அறிக்கை. மற்றொன்று, ஆறு நாள்களுக்கு முன் ஒரு தனியார் இடத்தில் எரித்து, மண்ணைப் போட்டு மூடிய தீ. காற்று மண்ணை வாரிக்கொண்டு போக, அடியில் கனன்றது வெளியே வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த டிசம்பர் 26 காலை நினைவுக்கு வந்தது. முந்தைய இரவு பின்கட்டில் விறகுத் தீ மூட்டிக் குளிர்காய்ந்திருந்தோம். காலையில் சாம்பலை வாரிக் குப்பைத் தொட்டியில் போடப் போன என்னைத் தடுத்து அம்மா ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். நன்றாக ஆறிவிட்டது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். சொர்ரென்ற சத்தத்தோடு நீராவி எழும்பியது. இப்போதெல்லாம் சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்து, மூடியுள்ள தகர வாளியில் வீட்டை விட்டுத் தள்ளி வைத்துச் சில நாள் கழித்தே வெளியே போடுகிறோம். தொலைபேசியில் அறிக்கையின் விவரத்தைச் சொன்னதும் அம்மா, "ஆறு நாளா? எங்க ஊர்ல சூளைக்காரனைக் கேளு, இன்னும் அதிகமாவே சொல்லுவான்" என்றார்.

வீட்டில் நாங்கள் செய்த மாற்றங்கள் பெரும் செலவு பிடித்தவை அல்ல. தீயின் முகப்பு வந்து மோதி எரிந்த வீடுகளைவிடப் பறந்து வந்த கங்குகளால் பற்றிய வீடுகளும், பக்கத்து வீட்டின் அனலால் பற்றியவையும் ஏராளம் என்பதால், சுவரை ஒட்டிய ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் இல்லாமல் செய்வதே முதல் வேலை. அலங்காரத்துக்குக் கொட்டியிருந்த மரச்சீவலை வாரிவிட்டுச் சரளைக்கல் போட்டோம். மரவேலி வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் எட்டடியை வெட்டி எடுத்துவிட்டு இரும்பு வேலி வைத்தோம். மரவேலி தீக்குத் திரிபோல வேலை செய்வதை எங்கள் தெருவே பார்த்தது. மேல்மாடக் காற்றுத் துவாரங்களுக்கு மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை அடித்தோம். கூரையோரத் தகரத்தில் சேரும் சருகை அக்டோபரிலும், காற்றுக் காலத்தின் நடுவிலும் அள்ளுகிறேன். ஜூனிப்பர் புதரைப் பிடுங்க மட்டும் இரண்டு வார இறுதிகள் ஆயின. வேர் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

2024 ஏப்ரல் 6 அன்று சூறை வரப்போவதாகத் தெரிந்ததும், கம்பி அறுந்து தீ மூளாதிருக்க, மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். சுமார் 55,000 இணைப்புகளுக்கு அன்று மின்சாரம் இல்லை. ஊரில் பலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் 2021 ஐப் பார்த்தவன் என்பதால் வாயைத் திறக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, காற்று நின்றதும் மின்சாரம் வந்துவிடாது என்பது. கம்பிகள் முழுவதையும் நேரில் பார்த்த பிறகே இணைப்பார்கள்; சிலருக்கு இரண்டு நாள் வரை ஆயிற்று. இன்சுலின் வைத்திருப்பவர்களும் மூச்சுக் கருவியைச் சார்ந்தவர்களும் அதற்கேற்ப முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

காற்றும் பனியும் சேரும்போது இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக்குழாய்கள் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெய்த பனி அரையடியே ஆனாலும், காற்று அதைச் சுவரோரம் மூன்றடிக்குக் குவித்துக் குழாயை அடைத்துவிடும். ஃபர்னஸ் நின்றுபோகலாம், அல்லது நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பலாம். பனி அள்ளக் கிளம்பும்போது நான் வாசலுக்கு முன் அங்கேதான் போகிறேன். பனியில் சிக்கிய காரில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். போல்டருக்கும் கோல்டனுக்கும் நடுவே 93 ஆம் எண் சாலையில், வானம் நீலமாகத் தெளிந்திருக்கும்போதே, வயல் பனியைக் காற்று வாரி வந்து சாலையின் குறுக்கே வெள்ளைத் திரையாகப் பிடிப்பதை ஒருமுறை அனுபவித்தேன். முன்னால் சென்ற லாரி ஐந்து நொடி காணாமல் போய், பிறகு மிக அருகில் தெரிந்தது. காற்று எச்சரிக்கை நாள்களில் அந்தச் சாலையை இப்போது தவிர்க்கிறேன். மலைக்குப் போகும் 70 ஆம் எண் நெடுஞ்சாலையில் செப்டம்பர் முதல் மே வரை டயரின் பள்ளம் குறைந்தது ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் சட்டத்துக்காகப் பார்க்காமல் உயிருக்காகப் பார்ப்பது நல்லது.

அவசரப் பெட்டி இப்போது வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கைப்பேசி எண்களை எச்சரிக்கைக்குப் பதிவு செய்துவிட்டோம். பதிவு விட்டுப்போயிருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்கிறோம். எதிர்வீட்டு முதியவர் புதுவீடு கட்டித் திரும்பிவிட்டார். கூரை தகரம், வேலி இரும்பு. அம்மா 2022 பிப்ரவரியில் போடிக்குத் திரும்பினார். அன்று அலமாரியிலேயே தொங்கவிட்டு ஓடிவந்த அவருடைய கனத்த கோட்டை, புகை நெடி போக மூன்று முறை துவைத்து, காரின் பின்பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவர் வரும்போது விமான நிலையத்திலேயே கொடுத்துவிடலாம் என்று மனைவி சொல்கிறார்.